ஆறு பென்ஸ் டிக்கெட்

1853 டிசம்பர் 27. பர்மிங்காம் நகர மண்டபத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தன்னுடைய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை வாசித்தார். பத்து வருஷத்துக்கு முன் அச்சில் வந்த கதை. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது முடிவு தெரிந்திருக்கும். இருந்தும் மூன்று மணி நேரம் அசையாமல் கேட்டார்கள்.

அந்த ஊரில் தொழிலாளர்களும் படிக்க ஒரு கல்விக்கூடம் அமைக்க நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மிங்காம் அண்டு மிட்லண்டு இன்ஸ்டிட்யூட் என்று பெயர். அதற்காக இலவசமாக வாசித்துத் தருகிறேன் என்ற டிக்கன்ஸ், உழைக்கிறவர்களுக்கும் இடம் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 30ஆம் தேதி அவர்களுக்காகவே இன்னொரு வாசிப்பு. டிக்கெட் ஆறு பென்ஸ். சுமார் இரண்டாயிரம் பேர் வந்தார்கள். பன்னிரண்டு வயதில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிய பையன் போட்ட நிபந்தனை அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு முன் எழுத்தாளர்கள் மேடை ஏறாமல் இல்லை. கார்லைல் 1840இல் வீரர்களைப் பற்றிப் பேசினார். தாக்கரே 1851இல் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினார். இரண்டும் சொற்பொழிவுகள். கதாசிரியன் தன் கதையைத் தானே வாசிக்க, அதை டிக்கெட் வாங்கிக் கேட்கும் வழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் டிக்கன்ஸ்தான். நம் நூல் அரங்கேற்றத்தை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே கேட்டவர்கள் குறை கண்டுபிடிக்க உட்கார்ந்திருந்த புலவர்கள். இங்கே காசு கொடுத்து அழ வந்தவர்கள்.

சொந்த வருமானத்துக்காக வாசிக்கலாமா என்று கேள்வி எழுந்தபோது, நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் கூடாது என்றார். காசுக்கு மேடையேறுவது எழுத்தாளனின் கௌரவத்துக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. டிக்கன்ஸ் கேட்கவில்லை. 1858 ஏப்ரல் 29இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஹாலில் தன் கணக்கில் தொடங்கினார். அதன்பின் சாகும்வரை நானூறுக்கும் மேற்பட்ட வாசிப்புகள்.

அதை ‘வாசிப்பு’ என்பது அடக்கமான சொல். அச்சிட்ட புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் பெரிய தாளில் ஒட்டி, வேண்டாத வரிகளை அடித்து, எந்த இடத்தில் குரல் எப்படி மாற வேண்டும் என்று ஓரத்தில் தனக்குத் தானே குறிப்பு எழுதிக்கொள்வார். போகப்போக அந்தத் தாளும் தேவைப்படவில்லை, எல்லாம் மனப்பாடம். மேசையைக்கூட அவரே வடிவமைத்தார். உடம்பை மறைக்காத மெலிந்த மேசை, முகத்தில் வெளிச்சம் விழ எரிவாயு விளக்குகள். லண்டன் டவுட்டி தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வெல்வெட் போர்த்திய அந்த மேசை அங்கே இருக்கிறது.

1867 டிசம்பரில் அமெரிக்காவில் வாசிக்கத் தொடங்கினார். வெளிநாட்டு எழுத்தாளருக்கு அங்கே அப்போது பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. அது வந்தது 1891இல். யார் வேண்டுமானாலும் அவர் நாவலை அச்சடித்து விற்கலாம். 1842இல் போனபோது அதை எதிர்த்துப் பேசி அங்கத்திய பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். புத்தகத்தைத் திருடலாம், குரலை எப்படித் திருடுவது? புரூக்ளினில் டிக்கெட்டுக்காக மெத்தையோடு வந்து, தெருவில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தபடி விடிய விடிய வரிசையில் கிடந்தார்கள். ஐந்து மாதத்துக்குள் 76 வாசிப்புகள். லாபம் சுமார் 19,000 பவுண்டு.

ஊர் திரும்பியவர் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் நான்சி கொலையாகும் காட்சியை வாசிக்க எடுத்தார். 1869 ஏப்ரலில் உடல் ஒத்துழைக்காமல் வாசிப்புப் பயணம் பாதியில் நின்றது. கடைசிச் சுற்றில் மருத்துவர் ஃபிராங்க் பியர்டு கூடவே இருந்து நாடி பார்த்தார். 1870 ஜனவரி 21 அன்று நான்சி காட்சிக்கு முன் நாடி 80, முடித்ததும் 112. அப்பா தடுமாறினால் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க டிக்கன்ஸின் மூத்த மகனையும் மேடையோரம் இருக்கச் சொல்லியிருந்தார்.

மார்ச் 15, செயின்ட் ஜேம்ஸ் ஹால், கடைசி வாசிப்பு. அன்று நான்சி இல்லை. ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’, பிறகு ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் நீதிமன்றக் காட்சி. ஜூன் 9இல் இறந்துபோனார், வயது 58.