உத்திசார் சிந்தனை (அமீரகப் பணியிடங்களில்)

நாளை வரக்கூடிய மாற்றங்களைக் கணித்து, அதற்கேற்ப இன்றைய முடிவை எடுக்கும் திறன். இதற்குத் துபாய் நல்ல பாடம். அங்கு எண்ணெய் கண்டறியப்பட்டது 1966-இல். அதற்கு முன்பே, மணலால் தூர்ந்துவந்த கடற்கழியை, கடன் வாங்கி ஆழப்படுத்தினார் ஆட்சியாளர் ஷேக் ராஷித். சரக்குப் படகுகளின் வரத்தே ஊரின் வாழ்வு என்பதை அவர் அறிந்திருந்தார். துணிச்சலான முடிவு அது. அதே தொலைநோக்கில் ஜெபல் அலி துறைமுகம் 1979-இலும் அதையொட்டிய தடையற்ற வணிக மண்டலம் 1985-இலும் வந்தன. எதிர்காலத்தை முன்கூட்டி ஆராயவென்றே 2016-இல் துபாய் எதிர்கால அறக்கட்டளை உருவானது.

பணியிடத்தில் இத்திறனை வளர்க்க உதவும் முதன்மையான முறை, 1970-களில் ஷெல் நிறுவனம் புகழ்பெறச் செய்த சூழல் திட்டமிடல்: எண்ணெய் விலை சரிந்தால், கடல்வழி அடைபட்டால் என்ன செய்வது என முன்கூட்டியே வகுத்துக்கொள்வது. இது மேலாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. கிடங்குப் பொறுப்பாளரும் கணக்கரும் பழக வேண்டியது.