எல்லாளன் சமாதியும் தீகவாபியும்: நினைவுச் சின்னங்கள் இன அடையாளம் பெற்ற வரலாறு

அம்பாறைக் கரையோரத்தில், அட்டாளைச்சேனைக்கு மேற்கே வயல்வெளிகளுக்கு அப்பால் தீகவாபித் தூபி உள்ளது. மன்னன் துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் தந்தையின் ஆணைப்படி தங்கியிருந்த இடமாக மகாவம்சம் தீகவாபியைக் குறிப்பிடுகிறது. ஆகவே துட்டகைமுனு எல்லாளனைப் போரில் வென்ற கதை அனுராதபுரத்துக்கு மட்டும் உரியதன்று. அக்கதை சார்ந்த ஓவியங்களும் சின்னங்களும் எப்போது, எவ்வாறு இனத்தின் பெயரால் வாசிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலநூலும் சுவரோவியமும்

கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் எழுந்த மகாவம்சம், பௌத்த சாசனத்தின் மேன்மையைக் கூறவந்த நூல். சோழ நாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனை அது தமிழன் என்றே சுட்டுகிறது. நீதி வழுவாதவன் என்றும் போற்றுகிறது. எல்லாளனின் படைத்தலைவன் பெயர் மித்தன். துட்டகைமுனுவின் பத்து மாவீரருள் ஒருவனான நந்திமித்தன் அந்த மித்தனின் சகோதரியின் மகன். மாமன் ஒரு பக்கமும் மருமகன் மறுபக்கமும் நின்ற போரை இரு இனங்களின் போராகச் சுருக்குவதற்கு மூலநூலே இடந்தரவில்லை. வீழ்ந்த மன்னனுக்குச் சின்னம் எழுப்பி, அவ்விடத்தைக் கடக்கையில் வாத்திய ஓசையை நிறுத்துமாறு வென்றவன் ஆணையிட்டதாகவும் அந்நூல் கூறும்.

தம்புள்ளைக் குகை விகாரையில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. 18ஆம் நூற்றாண்டில் அவ்விகாரையைப் புதுப்பித்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782). அவன் தென்னிந்திய நாயக்கர் வழியினன். எல்லாளனின் தோல்வியைக் காட்டும் ஓவியத்தைத் தன் குலத்துக்கு எதிரானதாக அவன் கொண்டதாகத் தெரியவில்லை. அரசன் சாசனத்தின் காவலன் என்பதே அக்காலப் பார்வை.

குடியேற்றக்கால மாற்றம்

1837இல் டர்னர் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆரியம், திராவிடம் என்னும் மொழிக் குடும்பப் பகுப்பு பின்னர் இனப் பகுப்பாக விரிந்தது. 1871 முதலான குடிசன மதிப்பீடுகள் அதற்கு நிருவாக வடிவம் தந்தன. இச்சூழலில் முஸ்லிம்களும் விவாதப் பொருளாயினர். முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். 1889இல் எம். சி. அப்துல் ரகுமான் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களின் முதல் பிரதிநிதியானார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு நூல் எழுதினார். ஆய்வும் பிரதிநிதித்துவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

எல்லாளன் சமாதியும் இப்பிணக்கிலிருந்து தப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அப்பெயரால் அறியப்பட்ட அனுராதபுர மேட்டைத் தக்கிணத் தூபி என்னும் பௌத்தத் தூபியாகத் தொல்லியலாளர் பரணவிதான அடையாளப்படுத்தினார். அம்முடிவை ஜேம்ஸ் டி. இரத்தினம் மறுத்து எழுதினார்.

சுதந்திரத்தின் பின்

1951இல் ஏற்கப்பட்ட தேசியக் கொடியில் தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே பட்டிகளாயின. இப்பிரிப்பு நினைவிடங்களிலும் வெளிப்பட்டது. 2016 ஒக்டோபரில் இறக்காமத்தின் மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் வாழும் அப்பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கு அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் நியமிக்கப்பட்ட 11 பேருள் தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை.

அம்பாறைக் கரையோர முஸ்லிம்கள் உருவச்சிலை எழுப்புவதில்லை. பள்ளிவாசலும் சியாரமுமே அவர்களின் நினைவிடங்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் அதற்குச் சான்று. மறைந்த தலைவர் எம். எச். எம். அஷ்ரபின் நினைவைக் கல்முனையில் தாங்கி நிற்பது அவர் பெயரிலான வைத்தியசாலை. சிலையையும் தூபியையும் மட்டும் தொன்மைக்கு அளவுகோலாக்கினால் இத்தகைய சமூகம் வரலாறற்றதாகத் தோற்றமளிக்கும்.

முடிவு

சின்னங்கள் இனச் சொத்தாக வாசிக்கப்படுவது பெரிதும் கடந்த இரு நூற்றாண்டுகளின் விளைவு. தீகவாபி போன்ற இடங்களின் விளக்கப் பலகைகள் மும்மொழியிலும் முழுக் கதையையும், மித்தனையும் நந்திமித்தனையும் உட்பட, சொல்ல வேண்டும். அவற்றைப் பராமரிக்கும் குழுக்களில் அயலூர் மக்களும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இடம்பெற வேண்டும்.