ஆவாரா முதல் காலா வரை: மும்பை சினிமாவில் 'ஆம்பள' எப்படி மாறினான்?

நீங்கள் மும்பையில் வேலை பார்க்கும் தமிழரா? செம்பூர், மாட்டுங்கா, தாராவி மூன்றும் உங்களுக்குப் பழகிய இடங்களாகத்தான் இருக்கும். சுமார் 70 ஆண்டுகளில் இந்திய சினிமாவின் ஹீரோ எப்படி மாறினான் என்பதை இந்த மூன்று ஏரியாக்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ஹீரோவை ஒரு பெண் எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கிறது?

செம்பூர்: அப்பாவி ஹீரோ

ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. அந்த பேனரில் 1951-ல் வந்த 'ஆவாரா' ஹீரோ ஏழை, மென்மையானவன், மனசு உடைந்து அழுபவன். ஆனால் காதலி ரீட்டா சீண்டிப் பேசியதும் அவளை அறைகிறான். அதே ரீட்டாதான் பின்னால் வக்கீலாக வந்து, மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்திய அவனுடைய அப்பாவைக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிறாள்.

மாட்டுங்கா: தட்டிக்கேட்கும் தாதா

வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்து நிழல் உலகில் வளர்ந்த வரதராஜ முதலியார், மாட்டுங்காவில் நடத்திய விநாயகர் பந்தல் அந்தக் காலத்தில் பிரபலம். அவருடைய வாழ்க்கையின் சாயலில்தான் மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) உருவானது. கமல்ஹாசனுக்கு தேசிய விருது கிடைத்தது.

உங்கள் அப்பாவோ மாமாவோ வேலு நாயக்கரைக் கொண்டாடியிருந்தால், அதை வெறும் வன்முறை மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1960-களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரசாரம் நடந்தது. இந்திப் படங்களிலோ தமிழன் பெரும்பாலும் காமெடிதான்: 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் நடித்த பாட்டு வாத்தியார், 'அக்னிபத்' (1990) படத்தில் மிதுன் நடித்த இளநீர்க்காரர் கிருஷ்ணன் ஐயர். தலை நிமிர்ந்து நிற்கும் ஒரு தமிழனைத் திரையில் பார்ப்பதே அப்போது பெரிய விஷயம்.

ஆனால் அந்த கெத்துக்கு ஒரு விலை இருந்தது. மகள் சாருமதி அப்பாவின் அடிதடியைக் கேள்வி கேட்கிறாள். அவள் ஏற்கும்படியான பதில் அவரிடம் இல்லை. அவள் வீட்டை விட்டே போய்விடுகிறாள்.

தாராவி: பேச்சு வாங்கும் ஹீரோ

பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) படத்திலும் தாதாதான். ஆனால் வீட்டில் மனைவி செல்வி போடும் சத்தத்துக்கு அடங்கிப் போகிறார் ரஜினி. மறுசீரமைப்பு விஷயத்தில் சரீனா அவரோடு நேருக்கு நேர் மோதுகிறாள். போலீஸ் உடையை உருவியபோது புயல் துணியை விட்டுவிட்டுத் தடியைக் கையில் எடுக்கிறாள். ஹீரோ வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கவில்லை. படத்தில் தாராவியின் பெரிய ஆயுதமும் வேலைநிறுத்தம்தான்.

அடுத்த ஆண்டு வந்த ஸோயா அக்தரின் 'கல்லி பாய்' படத்தில் முராத் இன்னொரு படி போகிறான். இரண்டாம் மனைவியைக் கூட்டி வந்து, வீட்டில் கை நீட்டும் அப்பாவை எதிர்த்து, அம்மாவோடு வெளியேறுகிறான்.

அப்போ எல்லாமே மாறிடுச்சா?

இல்லை. அதே 2019-ல்தான் 'கபீர் சிங்' வந்தது. ஹீரோ காதலியை அறைகிறான். படம் சூப்பர் ஹிட். 2023-ல் 'அனிமல்' அதைவிடப் பெரிய வசூல். 1951-ல் விழுந்த அறை 68 வருஷம் கழித்தும் விழுகிறது. ஒரு வித்தியாசம், ரீட்டாவுக்குக் கிடைத்த கோர்ட் சீன் 'கபீர் சிங்' நாயகிக்குக் கிடைக்கவில்லை. ஆக, மாற்றம் நேர்கோட்டில் போகவில்லை. இரண்டு விதமான ஆண்களும் ஒரே வருஷத்தில், ஒரே மல்டிபிளெக்ஸில் ஓடுகிறார்கள். எவன் 'மாஸ்' என்பதை டிக்கெட் வாங்கும் நீங்களும் சேர்ந்துதான் முடிவு செய்கிறீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவோடு உட்கார்ந்து 'நாயகன்' பாருங்கள். இந்த முறை வேலு நாயக்கரை விட்டுவிட்டு, சாருமதியைக் கவனியுங்கள்.