கடற்கரைச் சாலையும் யாத்திரிகர் ஏடுகளும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குத் தெற்கே செல்லும் கடற்கரைச் சாலை நாற்பது கிலோமீட்டர் அளவே கொண்டது. உப்பளங்களையும் உடைமரங்களையும் பனைகளையும் தாண்டி, முக்காணிக்கு அப்பால் தாமிரபரணிப் பாலத்தில் ஏறி இறங்கி, ஆற்றூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களையும் பார்த்தவாறே முருகன் சந்நிதியை அடைந்துவிடலாம். பிரயாண நூல்களில் இளமை முதலே பிரியம் கொண்ட எனக்கு இவ்வழியே செல்லும்போதெல்லாம் உண்டாகும் எண்ணம் ஒன்று உண்டு: யாத்திரிகன் எதில் ஏறி வந்தானோ, அதற்கேற்பவே அவன் கண்ட ஊரும் அவன் நூலில் அமைகிறது.

இக்கரையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய ஏடுகளில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவர்களால் எழுதப்பட்டவை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் கொற்கையைக் குறிப்பிட்டு, அங்கே பாண்டியன் ஆட்சியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிப்பு நடந்ததாகச் சொல்லிவிட்டு, அடுத்த துறைக்குப் போய்விடுகிறது. அந்தக் குற்றவாளிகள் யார், கரைக்கு உயிரோடு மீண்டவர் எத்தனை பேர் என்பதெல்லாம் சரக்கின் விலையை நாடி வந்த மாலுமிக்கு வேண்டாத விஷயங்கள். அவன் கண்ட துறைமுகமோ இன்று கடலிலிருந்து சில மைல் உள்நாட்டில், வயல்களின் நடுவே, ஒரு குளமும் முதிய வன்னி மரமும் கொண்ட சிற்றூராக இருக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களின் கரிமக் கணிப்பு கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரை செல்கிறது.

கொற்கையைத் தூர்த்த தாமிரபரணி வண்டலே பின்னர் பழையகாயலையும் தூர்த்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது அது செழித்திருந்த பட்டினம். ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் அங்கே வந்து நின்றன. 1298இல் ஜெனோவாச் சிறையில் அவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த நூலில், ஏப்ரலில் தொடங்கி மே மாதத்து நடுவில் முடியும் சலாபம் என்னும் முத்துக் குளிப்பும், அரசனுக்குரிய பத்தில் ஒரு பங்கும், சுறாவைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு அளிக்கும் இருபதில் ஒரு பங்கும் இடம்பெறுகின்றன. மூழ்கிய மனிதனைக் கூலியாளாகக் காட்டியதற்கு மேல் அவனைப் பற்றி அறியும் நாட்டம் அந்நூலில் இல்லை.

போலோ 'காயில்' என்று சொன்ன பட்டினம் எது என்ற சர்ச்சைக்கு விடை தந்தவர் நிலத்தில் நடந்து பார்த்த ஒருவர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், பழையகாயலைச் சுற்றி வெகுதூரம் ஓட்டுச்சில்லுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் மண்ணில் இறைந்து கிடப்பதைக் கண்டு, 1871இல் யூல் பதிப்பித்த போலோ நூலுக்கு அச்செய்தியை உதவினார். 1881இல் வெளியான தம்முடைய திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அதை விரித்தெழுதினார்.

நடையின் மகிமையை இதனினும் தெளிவாகக் காட்டும் ஏடு வேறொன்று உண்டு. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் 1544இல் தம் துணைவர் மான்சில்லாசுக்கு எழுதிய கடிதங்கள் பிரயாண நூலாக எழுதப்பட்டவை அல்ல. எனினும் இக்கரையைப் பற்றிய அந்நியர் எழுத்துக்களில் மனிதரின் பசியும் பயமும் பதிவானது அவற்றில்தான் என்பேன். அவ்வாண்டு வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து உணவும் நீருமின்றித் தவித்த பரதவருக்கு உதவ அவர் இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று விடாமையால் திரும்பி, பிறகு தரை வழியே நடந்து அவர்களிடம் சென்றார். அவருடைய சமய நோக்கத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் உண்டு; மணலில் கால் பதித்து நடந்தவருக்கே ஜனங்களின் முகம் தெரிந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

1876இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தது. கொழும்புக்குச் செல்வோர் ரயிலை விட்டிறங்கி, ஆழமின்மையால் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில் சென்று ஏறினார்கள்; 1914இல் தனுஷ்கோடி வழி திறந்ததும் அப்போக்குவரத்தின் பெரும்பகுதி அங்கே மாறிற்று. இத்தகையோருக்கு இந்நகரம் காத்திருக்க நேர்ந்த ஓர் இடம். அதற்கு மேல் அவர்கள் இங்கே காண ஒன்றுமில்லை.

நம்மவர் எழுதிய நூல்களுக்கு வருவோம். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' கோயில் கோயிலாக அழைத்துச் சென்றார். அவருக்குப் பொருநை என்னும் தாமிரபரணியின் கரை சிற்பமும் தலபுராணமும் நிறைந்த பூமி. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியின் கரையோடு சென்று 'நடந்தாய் வாழி காவேரி'யைத் தந்தார்கள். பொருநை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு, கொற்கையில் தொடங்கிப் பழையகாயல் வழியே புன்னைக்காயலில் முடியும் சில மைல் தூரத்திற்கு, அப்படியொரு நூல் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடல் விலக விலகத் துறைமுகம் அதைத் தொடர்ந்து சென்ற சரித்திரம் முழுவதும் அவ்வழியிலேயே கிடக்கிறது.

அந்நூலை எழுத வருகிறவர் முதலில் போக வேண்டியது முத்துக் குளித்த முதியோரின் வீடுகளுக்கு. தூத்துக்குடியில் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன்பின் கடலடித் திட்டுகளான பார்களில் சிப்பி விளைந்து சலாபம் கூடவில்லை. காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, மேலே கயிறு பிடித்தவனின் கவனத்தை நம்பி மீண்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலராகவே இருப்பர். கரை மறைந்த கடலில் பாரை எந்த அடையாளத்தால் கண்டீர்கள், கயிறு பிடிப்பவரை எப்படித் தேர்ந்தீர்கள், சர்க்கார் எடுத்தது போக உங்கள் பங்குச் சிப்பி என்ன விலைக்குப் போயிற்று, சலாபம் நின்ற பின் சங்கு குளிக்கப் போனீர்களா, தோணியில் ஏறினீர்களா என்று அவர்களைக் கேட்க வேண்டும். பெரிப்ளூஸ் ஆசிரியனும் போலோவும் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. விடை சொல்லக் கூடியவர்கள் மறைவதற்குள் யாரேனும் எழுதுகோலோடு போனால் நல்லது.