சோடியம் எங்கிருந்து வந்துச்சு?

கோளக் கொத்து விண்மீன்கள் எல்லாம் ஒரே பிரசவத்தில் பிறந்தவை என்றுதான் வானியல் பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. ஒரே வாயு மேகம், ஒரே வயது, ஒரே கலவை. நம் பால்வீதியைச் சுற்றி இப்படிச் சுமார் 150 கொத்துகள் உண்டு; பெரிய கொத்துகளில் லட்சக்கணக்கான விண்மீன்கள். அந்த ஒற்றுமையை நம்பித்தான் அவற்றின் வயதைக் கணித்தார்கள். அதனால், கூட்டத்தோடு ஒட்டாத விண்மீன்கள் தட்டுப்பட்டபோது அதைச் சும்மா விட முடியவில்லை.

1971ல் வெய்ன் ஆஸ்பார்ன், எம் 5, எம் 10 கொத்துகளில் சயனோஜன் தடம் மிகுந்த விண்மீன்களைக் கண்டார். 1978ல் ஜூடித் கோஹன், எம் 3, எம் 13 கொத்துகளில் சோடியம் விண்மீனுக்கு விண்மீன் மாறுவதைக் காட்டினார். 1990களில் ராபர்ட் கிராஃப்ட், கிரிஸ் ஸ்னெடன் ஆகியோரின் குழு இன்னொரு ஒழுங்கைத் தெளிவாக்கியது: ஆக்சிஜன் குறைந்தால் சோடியம் கூடுகிறது.

காரணம் அணுக்கரு வினைதான். சில கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் எரியும்போது ஆக்சிஜன் நைட்ரஜனாகிறது, நியான் சோடியமாகிறது. சரி, அந்த அடுப்பு எங்கே எரிந்தது? அந்த விண்மீனுக்கு உள்ளேயா, வேறெங்கோவா? சுருக்கமா சொன்னா, வளர்ந்தபின் வந்த குணமா, பிறவிக் குணமா?

முடிவு சொல்வது கஷ்டம். ஏனென்றால் அதுவரை பெரும்பாலும் ஆராய முடிந்தது சிவப்பு அரக்கர்களை, அதாவது வயதாகி ஊதிப்போன, பிரகாசமான விண்மீன்களை மட்டுமே. அவை தம் உள்சரக்கைக் கிளறி மேலே கொண்டுவரக்கூடியவை. சந்தேகம் அவற்றின் மேலேயே விழுந்தது நியாயம்தான்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் 2001. சிலியில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, ரஃபேல் கிராட்டனின் குழு என்ஜிசி 6752 கொத்தில் இன்னும் ஊதாத, மங்கலான விண்மீன்களைப் பார்த்தது. சூரியனைவிடச் சற்று எடை குறைந்தவை. சோடியம் சமைக்கும் சூடு அவற்றின் மையத்தில் கிடையாது. கிளறி மேலே கொண்டுவரும் ஆழமான சுழற்சியும் கிடையாது. ஆனாலும் அதே ஒழுங்கு அங்கேயும் இருந்தது. முப்பது வருட வழக்கில் அரக்கர்கள் விடுதலை. சோடியம் வெளியிலிருந்து வந்த சொத்து.

கொடுத்தது யார்? முதுமையில் வாயுவை உதிர்த்த இடைநிலை எடை விண்மீன்களா, வேகமாகச் சுழன்ற கனமான விண்மீன்களா, சூரியனைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு எடைகொண்ட ராட்சதர்களா? மூன்றிலும் இடிக்கிறது. பல கொத்துகளில் சோடியம் மிகுந்தவைதான் பெரும்பான்மை. அத்தனை பேருக்கும் பங்கு வைக்கும் அளவுக்கு முன்னோர்களிடம் சரக்கு இருந்ததாகக் கணக்கு வரமாட்டேங்குது.

தூய்மையான ஒரே வம்சம் என்று நாம் உதாரணம் காட்டிவந்த கூட்டம் இது. அதன் உறுப்பினர்களில் பாதிக்கு மேல், இன்னும் பெயர் தெரியாத யாரோ விட்டுப்போன பொருளைச் சுமந்துகொண்டுதான் பிறந்திருக்கிறார்கள்.