வழுக்குற காரும் ஞாபகமறதிப் பொத்தானும்

என் காரில் கியருக்கு முன்னாடி ஒரு சின்னப் பொத்தான் இருக்கு. அதில் ஒரு கார் படம், அந்தக் காருக்குப் பின்னாடி பாம்பு நெளிஞ்ச மாதிரி ரெண்டு கோடு. அதைச் சில விநாடி அமுக்கிப் பிடிச்சா மீட்டர் போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். "இனிமே நீயாச்சு, உன் ரோடாச்சு"ன்னு கார் கை கழுவிடுச்சுன்னு அர்த்தம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் பொட்டி தட்ட வந்து மூணாவது வருஷம், சேர்த்து வச்ச காசில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். ரெண்டே சீட்டு, பின்சக்கர இழுவை. நவம்பர் மாச ஞாயித்துக்கிழமை, மழை பெய்து ஓய்ஞ்ச நேரம், உதிர்ந்த இலையெல்லாம் நனைஞ்சு கிடக்கிற காட்டு ரோடு. பக்கத்து சீட்டில் ஆபீஸ் நண்பன். "இப்பப் பாரு"ன்னு பந்தாவாச் சொல்லிட்டு பொத்தானை அமுக்கினேன்.

மூணாவது வளைவில் கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சடார்னு காலை எடுத்தேன். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கிட்டு வந்துச்சு. வண்டி நின்னப்போ எதிர் லேனில், வந்த திசையைப் பார்த்து நிக்கிறோம். எதிரே ஒரு வண்டியும் வரலை. நாங்க பொழச்சதுக்கு என் திறமை காரணமில்லை, அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வேற யாரும் இல்லாததுதான் காரணம்.

வீடு வர்ற வரைக்கும் நண்பன் வாயே திறக்கலை. இறங்கும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டான். "அந்தப் பொத்தானை எதுக்குடா வச்சிருக்கான்?"

எனக்குப் பதில் தெரியலை. அதைத் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

பள்ளத்தில் பிறந்த யோசனை

இந்தச் சமாச்சாரத்துக்கு கம்பெனிக்கு ஒரு பெயர். போஷ், மெர்சிடஸ்காரர்கள் ஈ.எஸ்.பி என்பார்கள், போர்ஷேவில் பி.எஸ்.எம், பி.எம்.டபிள்யூவில் டி.எஸ்.சி. பொதுப்பெயர் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. நாம ஈ.எஸ்.பின்னே வச்சுக்குவோம்.

காரின் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுற இடம் சுமார் ஒரு உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை மேலதான் ஒண்ணரை டன் வண்டி ஓடுது. பிரேக், ஸ்டியரிங், வேகமெடுப்பு எல்லாமே அந்தப் பிடிமானத்திலிருந்துதான் வரணும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காமல் பார்த்துக்கிற ஏ.பி.எஸ், 1978ல் மெர்சிடஸின் எஸ் கிளாஸில் வந்தது. வேகமெடுக்கும்போது சக்கரம் வீணாச் சுழலாமல் பார்க்கிற டிராக்‌ஷன் கண்ட்ரோல் 1980களில் வந்தது. ஆனா பக்கவாட்டில் வழுக்கினா? அதுக்கு யாரிடமும் மருந்தில்லை.

1989 குளிர்காலம். ஃபிராங்க் வெர்னர் மோன் என்ற மெர்சிடஸ் இன்ஜினியர் சுவீடனின் பனி ரோட்டில் சோதனை ஓட்டம் ஓட்டும்போது கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிடுச்சு. ஏ.பி.எஸ்ஸுக்கு ஒவ்வொரு சக்கரத்தின் வேகமும் தெரியும், ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியா இயக்கவும் தெரியும்; கார் சுத்த ஆரம்பிக்குதுன்னு அதுக்கு யாராவது சொன்னால், அதே பிரேக்கை வச்சு அதை நேராக்க முடியாதா? அவருக்கு வந்த யோசனை இதுதான். இன்னொரு பக்கம், போஷ் கம்பெனியில் அன்டன் வான் சாண்டன் என்ற டச்சு இன்ஜினியரின் குழு இதே கணக்கைப் போட்டுக்கிட்டிருந்தது. ரெண்டு கம்பெனியும் கைகோத்தன.

மேலிடத்தை ஒத்துக்க வச்ச கதையை மெர்சிடஸ் தரப்பில் இன்னிக்கும் சொல்வார்கள். சுவீடனில் உறைஞ்ச ஏரி மேல் ஒரு பாதை போட்டார்கள். கார் ஓட்டத் தயங்குறவர்னு பெயர் வாங்கின ஒரு உயரதிகாரியிடம் ஈ.எஸ்.பி வச்ச சோதனைக் காரைக் கொடுத்தார்கள். மனுஷன் தேர்ந்த ஓட்டுநர்களுக்கு ஏறக்குறைய ஈடா ஓட்டினார். அப்புறம் அதே காரில் ஈ.எஸ்.பியை நிறுத்திட்டுக் கொடுத்தார்கள். முதல் வளைவையே அவரால் தாண்ட முடியலை.

கவனிச்சீங்களா? இது சரக்கா இல்லையான்னு நிரூபிச்சதே அதை ஆஃப் பண்ணித்தான்!

பெட்டிக்குள் என்ன நடக்குது

1995ல் மெர்சிடஸ் எஸ் 600 கூப்பேயில் ஈ.எஸ்.பி விற்பனைக்கு வந்தது. நான் அப்போ பொறக்கவே இல்லை. கார் தன் அச்சில் எவ்வளவு வேகமாத் திரும்புதுன்னு சொல்ற சென்சார்தான் முக்கியமான புதுச் சரக்கு. விமானம், ஏவுகணைக்கெல்லாம் பயன்பட்ட தொழில்நுட்பத்தை கார் விலைக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

நம்ம பாஷையில் சொல்லணும்னா இது ஒரு லூப். ஸ்டியரிங் கோணத்தைப் படிச்சு டிரைவர் எங்கே போக நினைக்கிறார்னு கணக்குப் போடும். சக்கரங்களின் வேகம், பக்கவாட்டு முடுக்கம், திரும்பும் வேகம் மூணையும் படிச்சு கார் நிஜமா எங்கே போகுதுன்னு கணக்குப் போடும். விநாடிக்கு 25 தடவை ரெண்டையும் ஒப்பிடும். பின்பக்கம் வெளியே வீசினா, வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக். முன்பக்கம் திரும்பாமல் நேரா வழுக்கினா, உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக். தேவைப்பட்டா இன்ஜின் சக்தியையும் குறைக்கும்.

"நல்ல டிரைவருக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கிற ஆள்தான் நானும். ஆனா இங்கே ஒரு விஷயம் இடிச்சது. நம்ம காலுக்குக் கீழே இருக்கிறது ஒரே ஒரு பிரேக் பெடல். ரேஸ் சாம்பியனே ஆனாலும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட அவரால் முடியாது. நாம செய்றதைக் கம்ப்யூட்டர் வேகமாச் செய்யுதுன்னு மட்டும் நினைச்சிருந்தேன். நம்மால் செய்யவே முடியாத ஒண்ணை அது செய்யுது.

கவிழ்ந்த கார், அழகான கார்

விலை உயர்ந்த கார்களோட நின்னிருக்க வேண்டிய விஷயத்தைச் சாதாரணக் காருக்கு இழுத்து வந்தது ஒரு அவமானம். 1997 அக்டோபர் 21 அன்று சுவீடனின் டெக்னிக்கன்ஸ் வார்ல்ட் பத்திரிகை, மெர்சிடஸின் புத்தம்புது ஏ கிளாஸைச் சோதிச்சது. ரோட்டில் திடீர்னு ஒரு காட்டுமான் வந்தா ஒதுங்கித் திரும்புற மாதிரி, மணிக்கு 60 கி.மீ வாக்கில் ஒரு வெட்டு, எதிர்வெட்டு. கார் கவிழ்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் பழைய டிராபன்ட் அதே சோதனையில் தேறினது வெந்த புண்ணில் வேல். முதலில் சமாளிக்கப் பார்த்த மெர்சிடஸ், பிறகு விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே வித்த சுமார் 17,000 கார்களைத் திரும்ப அழைத்து, ஏ கிளாஸ் எல்லாத்துக்கும் ஈ.எஸ்.பி உண்டுன்னு அறிவிச்சது.

அடுத்தது என் மனசுக்கு நெருக்கமான கதை. 1998ல் வந்த ஆவுடி டி.டி. கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி வழவழன்னு ஒரு உடம்பு, பின்னாடி ஸ்பாய்லர் கூடக் கிடையாது, ஈ.எஸ்.பியும் கிடையாது. ஜெர்மன் ஆட்டோபானில் அதிவேகத்தில் திடீர்னு லேன் மாறும்போதோ, வளைவில் காலைத் தூக்கும்போதோ கார் கட்டுப்பாடு இழந்தது. விபத்துகள் வரிசையா நடந்தன, உயிர்களும் போயின. காலைத் தூக்கினா எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகும், பிடிமானம் போகும். என் காட்டு ரோட்டில் நடந்த அதே பாடம்தான், வேகம் மட்டும் மூணு மடங்கு.

1999 கடைசியில் ஆவுடி இறங்கி வந்தது. புதுக் கார்களுக்கு ஈ.எஸ்.பி, வித்த கார்களைத் திரும்ப அழைத்து சஸ்பென்ஷனில் மாற்றம், பின்னால் ஒரு சின்ன ஸ்பாய்லர். அந்த ஸ்பாய்லர் அழகைக் கெடுக்குதுன்னு வேண்டாம்னவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை.

போர்ஷே கரேரா ஜி.டி கதை தெரிஞ்சிருக்கும். 2004லிருந்து 2006 வரை தயாரானது, 5.7 லிட்டர் வி10 இன்ஜின், 612 குதிரைசக்தி. டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தது, ஈ.எஸ்.பி வேணும்னே வைக்கலை. 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் அந்தக் காரில் பயணம் செய்த நடிகர் பால் வாக்கரும், ஓட்டிய அவர் நண்பரும் இறந்துபோனார்கள். மணிக்கு 72 கி.மீ எல்லை போட்ட ரோட்டில் 130க்கும் மேல வேகம், ஒன்பது வருஷத்துக்கும் மேல் பழைய டயர்னு விசாரணை சொன்னது. ஈ.எஸ்.பி இருந்திருந்தா பொழச்சிருப்பார்கள்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இயற்பியலை எந்த சென்சாராலும் ஏமாத்த முடியாது. ஆனா பக்கத்து சீட்டில் ஒரு நண்பர் உட்கார்ந்திருந்தார் என்கிற வரியை என்னால் சாதாரணமாத் தாண்டிப் போக முடியலை.

மறக்கச் சொல்லும் சட்டம்

2007 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 126ஆம் எண் விதியை வெளியிட்டது. 2011 செப்டம்பரிலிருந்து தயாராகும் கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். வேற வண்டி சம்பந்தப்படாமல் தானாப் போய் முட்டுற விபத்துகள் கார்களில் 34 சதவீதமும், எஸ்.யு.வி வகைகளில் 59 சதவீதமும் குறையும்னு அந்தத் துறை மதிப்பிட்டது. ஐரோப்பிய யூனியனில் 2011 நவம்பரில் புது மாடல்களுக்கும், 2014 நவம்பரில் புதுக் கார்கள் எல்லாத்துக்கும் கட்டாயமாச்சு.

அப்போ பொத்தானை ஏன் தடை பண்ணலை? காரணம் இருக்கு. பனியிலோ சேத்திலோ மாட்டினா வெளியே வரச் சக்கரம் கொஞ்சம் சுழன்றே ஆகணும். டயருக்குச் சங்கிலி கட்டி ஓட்டும்போதும் அப்படித்தான். ரேஸ் டிராக்கும் ஒரு காரணம். அதனால் அமெரிக்க விதி பொத்தானை அனுமதிச்சது, ஆனா ரெண்டு நிபந்தனையோட. ஆஃபில் இருக்கும்போது விளக்கு எரியணும். அடுத்த தடவை காரை ஸ்டார்ட் பண்ணும்போது தானா ஆன் ஆகியிருக்கணும்.

கார் வாங்கின புதுசில் இதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். யூசர் ஒரு செட்டிங்கை மாத்தினா அதைச் சேமிச்சு வைக்க வேண்டாமா? நான் எழுதுற கோடில் இப்படி இருந்தா டெஸ்டிங் டீம் அன்னிக்கே பக் போட்டிருக்கும். இது மறதியில்லை, வேணும்னே எழுதின மறதின்னு இப்பப் புரியுது. நேத்து நான் எடுத்த முடிவு இன்னிக்கு ஓட்டப்போற எனக்கோ, சாவி வாங்கிட்டுப் போற இன்னொருத்தருக்கோ பொருந்தாதுன்னு யாரோ யோசிச்சிருக்காங்க.

பதில்

போன மாசம் பாதுகாப்பா கார் ஓட்டச் சொல்லித்தர்ற ஒரு பயிற்சி மைதானத்துக்குப் போனேன். நண்பனையும் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். தரையில் ஒரு தகடு இருக்கும். கார் அதைக் கடக்கும்போது பின்சக்கரத்தை இடமோ வலமோ சட்டுனு தள்ளிவிடும். அதுக்கப்புறம் தண்ணி ஊத்தின வழவழ தளம். ஈ.எஸ்.பியோட போனேன்: ஒரு உலுக்கல், டரடரன்னு ஒரு சத்தம், கார் நேராப் போச்சு. ஆஃப் பண்ணிப் போனேன்: ஒண்ணரைச் சுத்து.

பத்து தடவை முயற்சி பண்ணினேன். ரெண்டு தடவைதான் காரைப் பிடிக்க முடிஞ்சது. தகடு தள்ளப்போகுதுன்னு தெரியும், எதிரே வண்டி இல்லைன்னு தெரியும், மரம் இல்லைன்னு தெரியும். எல்லாம் தெரிஞ்சும் பத்துக்கு ரெண்டு. ஒரு டயர் எப்போ விடுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சது அங்கேதான். எலக்ட்ரானிக்ஸை அணைச்சாத்தான் கார் ஓட்டக் கத்துக்க முடியும்னு சொல்றவங்க பேச்சில் உண்மை இருக்கு. கத்துக்கிற இடம் எதுங்கிறதில்தான் நான் தப்பு பண்ணினேன்.

பதினொண்ணாவது தடவைக்கு நண்பன் தானா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மறுபடி சுத்தினோம். இந்தத் தடவை ரெண்டு பேரும் சிரிச்சோம்.

"இதுக்குத்தாண்டா அந்தப் பொத்தான்"னேன்.

சாயந்தரம் கிளம்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிஞ்சு தானா அணைஞ்சது. அவன் அதைப் பார்த்துட்டு, அப்புறம்தான் சீட் பெல்ட்டை மாட்டினான்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு காலி ரோடுதானேன்னு யாரும் அந்தப் பொத்தானைத் தொட்டுடாதீங்க. நான் போனதும் காலி ரோடுதான் :-)