ஏங்கிய வண்டியும் ஓட்டிய வண்டியும்

முன்னாள் மாணவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வண்டியில் வந்துதான் நிற்கும். ஓசூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி செய்வதே இங்கே பலருக்குப் பிழைப்பு. அந்தப் பேச்சில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. என்றோ நின்றுபோன வண்டிகள் ஏன் அதே பெயரோடும் உருவத்தோடும் மறுபடி கடைக்கு வருகின்றன? இதற்குப் பின்னால் ஒரு சிறு சரித்திரமே இருக்கிறது.

நம் எல்லைப் பகுதியிலிருந்தே தொடங்குவோம். கர்நாடகத்துப் பக்கம், மைசூரில் 1961 முதல் ஐடியல் ஜாவா நிறுவனம் ஜாவா, பிறகு யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்தது, 1996-ல் மூடிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம், ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. 1984-ல் ஜப்பானிய சுசுகியின் கூட்டோடு 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வந்தது. 2001-ல் அந்தக் கூட்டு முடிந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். சொந்தமாக வடிவமைத்த விக்டரை இறக்கியது.

இனி, திரும்பி வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். சென்னை ராயல் என்ஃபீல்டு 1950-களின் சாயலில் 2009-ல் கிளாசிக்கை விட்டது. ஜாவா 2018-லும் யெஸ்டி 2022-லும் மறுபிறவி எடுத்தன. பஜாஜ் சேத்தக் 2020-ல் பேட்டரி ஸ்கூட்டராக வந்தது. 2003-ல் வந்து எங்கள் வயசுப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்த கரிஸ்மா, சரியாக இருபது வருடம் கழித்து 2023-ல் புது இன்ஜினோடு வந்தது. 2003-ல் பள்ளிப் பையனாக இருந்தவன் இன்று மாதத் தவணை கட்டக்கூடிய ஆள் அல்லவா? கம்பெனிக்காரன் கணக்குப் போடாமலா இருப்பான்!

இது வண்டிக்கு மட்டுமான கதை இல்லை. அமெரிக்காவில் பின்பால் என்றொரு இயந்திரம் உண்டு. ஆணி அடித்த பலகையில் குண்டு விடுவோமே, அதன் பெரியண்ணன். காசு போட்டால் சாய்ந்த கண்ணாடிப் பெட்டிக்குள் எஃகுக் குண்டு ஓடும். விசைத் துடுப்புகளால் தட்டித் தட்டி ஆட வேண்டும். 1964-ல் தொலைக்காட்சியில் வந்து, 1991-ல் சினிமாவான ஆடம்ஸ் ஃபேமிலியின் பெயரில் 1992-ல் ஓர் இயந்திரம் வந்து 20,000-க்கு மேல் விற்றது. பிறகு தொழில் படுத்து, பெரிய கம்பெனியான வில்லியம்ஸ் 1999-ல் பின்பாலையே கைவிட்டது. மிஞ்சிய ஸ்டெர்ன் கம்பெனி என்ன செய்தது? 1993-ல் வந்த ஜுராசிக் பார்க் படத்தின் பெயரில் 2019-லும், 1970-களின் லெட் செப்பலின் இசைக்குழுவின் பெயரில் 2020-லும் இயந்திரம் விட்டது. அன்று பையில் காசில்லாமல் அடுத்தவன் ஆடுவதை எட்டி நின்று பார்த்த பையன், இன்று இயந்திரத்தையே வீட்டுக்கு வாங்கிப் போகிறான்.

பொறியாளன் கண்ணுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஜாவா 250-க்கு சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. 2018-ல் வந்த புது ஜாவாவில் இருந்தது நீரால் குளிரும் 293 சி.சி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்கு ஒரு சைலன்சரே போதும். ஆனாலும் இரண்டு வைத்தார்கள். காற்றில் குளிர வேண்டாத சிலிண்டருக்கு வெளியே தகட்டு வரிகளும் விட்டார்கள். இன்ஜின் அதைக் கேட்கவில்லை. வாங்குகிறவரின் ஞாபகம் கேட்டது.

ஆனால் பழைய பெயர் இருந்தாலே விற்றுவிடும் என்று நினைக்காதீர்கள். டி.வி.எஸ். 2016-ல் விக்டரை மறுபடி கொண்டுவந்தது. நல்ல வண்டிதான். ஆனால் 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபோது அது புதுப்பிக்கப்படாமலே நின்றது. ஏன்? என் கருத்தைச் சொல்கிறேன். விக்டர் நாம் வீட்டில் ஓட்டிய வண்டி. ஜாவாவும் கரிஸ்மாவும் நாம் ஏங்கிய வண்டிகள். கையில் இருந்ததை விட, எட்டாமல் போனதற்குத்தான் மனுஷன் பிற்பாடு பணம் கொடுக்கிறான். அதே 2020-ல் டி.வி.எஸ். 1 கோடியே 60 லட்சம் பவுண்டு கொடுத்து, 1898-ல் தொடங்கிய இங்கிலாந்தின் நார்ட்டனை வாங்கியது. ஓசூர்க் கம்பெனி வாங்கியது ஒரு வெள்ளைக்காரத் தலைமுறையின் ஏக்கத்தையும் சேர்த்துத்தான்!

இந்தப் பட்டியலில் வராத ஒருவர் இருக்கிறார். டி.வி.எஸ். 50-ன் வாரிசான எக்ஸ்.எல். அதைப் 'பழைய நினைவு' என்று யாரும் விற்கவில்லை. அது போனால்தானே திரும்பி வருவதற்கு! 2015-ல் நாலு ஸ்ட்ரோக் ஆனது. 2020-ல் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஆனால் மூட்டை வைக்க முன்னால் திறந்த இடமும், வேண்டாதபோது கழற்றி வைக்கிற பின் சீட்டும் அப்படியே இருக்கின்றன. விடிகாலையில் ஓசூர் ரோஜாவும், பாகலூர்ப் பக்கத்துக் காய்கறியும், கிருஷ்ணகிரி மாம்பழமும், பால் கேனும் இன்றும் அதில்தான் போகின்றன. இதை ஓட்டுகிறவர் ஏங்கி வாங்கவில்லை. பாரம் தாங்குமா, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டு வாங்கினார். அவருக்காக மாற்றியது எல்லாம் உள்ளே. ஏங்கியவருக்காக மாற்றாமல் விட்டது எல்லாம் வெளியே.

ஆகவே, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வடிவமைப்பு மேஜைக்குப் போகும்போது, இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்யப்படும் பேட்டரி ஸ்கூட்டர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வாங்கும் வயதுக்கு வந்திருப்பார்கள். அவர்கள் எதற்கு ஏங்கினார்கள் என்று விளம்பரத் துறை உங்களிடம் கேட்கும். அதற்குப் பதில் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் எதை ஓட்டினார்கள், அதில் என்ன சுமந்தார்கள் என்றும் ஒரு நாள் விடிகாலையில் சந்தைக்குப் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். ஏக்கத்தின் சரித்திரத்தை எழுத விளம்பரக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உழைப்பின் சரித்திரத்தை நாம்தான் எழுத வேண்டும்.